நீலக் கொம்பு ஆடு

என் எதிரியின் தாடையை நான் இரண்டு வேளையும் கஞ்சி ஊற்றி வளர்த்தேன்.

அது ஒரு வெள்ளாட்டுக் கிடாயின் முகத்தில் இருந்தது. காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், தோலுக்கு அடியில் ஓர் எலும்பு உருளும். அதுதான் தாடை மூட்டு. எங்கள் ஆய்வு மையத்தின் டைரக்டர் டாக்டர் தனசீலனின் மூட்டிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து, குட்டியாக இருந்தபோதே இந்தக் கிடாயின் தாடையில் பதித்தார்கள். ஆறு மாதத்தில் அது அச்சு அசலாக அவருடைய மூட்டாகவே வளர்ந்துவிட்டது. அவர் உடம்பில் இருந்த வைரஸையும் அதே இடத்தில் ஏற்றினார்கள். இனி ஆட்டுக்கு நேர்வதுதான் ஆளுக்கும் நேரும். மருந்தை முதலில் ஆட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஆள் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மையத்தில் இதற்கு நிழல் ஆடு என்று பெயர்.

வசதி உள்ளவர்களுக்கு நிழல் ஆடு உண்டு. என் அண்ணன் இன்னாசிக்கு இல்லை. அவனையே மற்றவர்களுக்கு ஆடாக வைத்துக்கொண்டார்கள்.

பூட்டுக் காய்ச்சல் வந்த புதிதில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொசு கடித்தது, காய்ச்சல் அடித்தது, போய்விட்டது என்று இருந்தார்கள். சில மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டியது. தாடை மூட்டை அரித்து அரித்து, கடைசியில் வாயைப் பூட்டிவிடும். நல்ல வாயில் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கலாம். பூட்டுக் காய்ச்சல்காரர்களுக்கு அது இரண்டு விரலாகும், ஒரு விரலாகும், அப்புறம் உறிஞ்சுகுழல்தான்.

இன்னாசி தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போடுகிறவன். அவன் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் கடைசிப் படகு வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையை வைத்துத்தான் என்னைக் கால்நடை மருத்துவம் படிக்க வைத்தான். காய்ச்சல் வந்தபோது அவன் வாய் இரண்டரை விரல் திறந்தது. தனசீலன் கண்டுபிடித்த ஊசியைப் பரிசோதனைக்குப் போட்டுக்கொண்டான். வலி ஓடியே போய்விட்டது. கிறிஸ்மஸுக்குச் செய்த கெட்டியான முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றை எடுத்துக் கடித்தான். டக் என்று ஒரு சத்தம். அதோடு சரி. அன்றைக்குப் பூட்டிய வாய் இன்றுவரை அரை விரல்தான் திறக்கிறது.

அவனைப் போலவே இன்னும் நூறு பேருக்கு மேல். "நோய் முற்றியவர்களுக்கு மருந்து பலிக்கவில்லை" என்று மையம் ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டது.

எனக்கு அந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நின்றது. அரசு கால்நடை மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, அந்த மையத்திலேயே ஆட்டுக் கொட்டில் டாக்டராகச் சேர்ந்தேன். புத்தி கெட்டுப் போச்சா என்று எல்லோரும் கேட்டார்கள். கெட்டுத்தான் போயிருந்தது. அந்த ஆளின் பக்கத்தில் இருக்க வேண்டும், என்றைக்காவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிடி கிடைத்தது பேச்சித்தாயின் வாயிலிருந்து. கொட்டிலில் ஆடு பார்க்கும் அம்மாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழைய கதையை எடுத்தாள்.

"பழைய ஊசிய ஆட்டுக்குப் போட்டுப் பாத்த வருசம் டாக்டரம்மா. மாட்டுப் பொங்கலுக்கு ஆசையா ஒரு கட்டு கரும்பு வாங்கிட்டு வந்தேன். வாயில்லா சீவன், வருசத்துல ஒரு நாளு வாய்க்கு ருசியா திங்கட்டுமேன்னுதான். அந்த மனுசன் ஓடியாந்து கையிலேருந்து புடுங்குனாரு பாருங்க! ஒரு துண்டு உள்ள போச்சு, அத்தன பேரு சீட்டும் கிழிஞ்சிரும்னு ஒரே சத்தம். கேவலம் கரும்புக்குப் போயி இம்புட்டு ஆட்டமா?"

"வேற என்ன குடுத்தீங்க ஆட்டுக்கு?"

"கூழுதான். மாவா அரைச்சு, கஞ்சித் தண்ணி ஊத்தி. வைரஸு ஏத்துன ஆட்டுக்கு வாயி வலிக்கும்லா, பாவம்லான்னு அவரே சொல்லிட்டாரு. ஆட்டு மேல அம்புட்டுப் பிரியமாக்கும்னு நெனச்சேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். அவன் பல்லைக் கடித்தபடியேதான் பேசுவான், வேறு வழியில்லை.

"கூழு குடுத்தா என்னட்டி? நல்லதுதான?"

"அண்ணே, அந்த ஊசி வலிய எடுத்துரும். ஆனா எலும்ப உள்ளுக்குள்ள அப்பளமா ஆக்கிரும். கூழு குடிக்கிற ஆட்டுக்குக் கடிக்கிற வேலையே இல்லை, அதனால மூட்டு முழுசா இருக்கும். மருந்து பிரமாதம்னு எழுதிரலாம். கடிச்சாத்தான் குட்டு வெளிப்படும். அதான் கரும்பக் கண்டு அப்படிப் பயந்திருக்கான்."

இன்னாசி என் பக்கம் திரும்பினான். "அப்போ தெரிஞ்சேதான் எனக்குப் போட்டானா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சேதான்."

அதுவரைக்கும் எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதான். வாயைத் திறக்க முடியாதவன் அழுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போகலாம். என்ன இருக்கிறது கையில்? பேச்சித்தாயின் வாய்வார்த்தை. மையம் கொண்டுவரும் வக்கீல் அவளைக் கரும்பைச் சக்கையாகத் துப்புவது போலத் துப்பிவிடுவான். தனசீலன் தன் வாயாலேயே சொன்னால்தான் உண்டு. அவர் எதற்குச் சொல்லப்போகிறார்?

அப்போதுதான் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அன்று வீட்டில் சீலா மீன் குழம்பு வைத்தேன். அண்ணனுக்கு மீனை மசித்து, குழம்போடு கரைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

பழைய ஊசியின் பக்கமே தனசீலன் போகவில்லை. அவருக்குத் தெரியாதா அதன் லட்சணம்! புதிதாக ஒரு ஊசி தயாராகிக்கொண்டிருந்தது. அதைத் தன் நிழல் ஆட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொங்கல் கழிந்ததும் தனக்குப் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ஆடு என் பொறுப்பில் வந்தது. நான் அதற்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் எழுதிய விதி ஒன்று இருந்ததே, வைரஸ் ஏற்றிய ஆட்டுக்குக் கூழைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்று, அதை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். விதியை மாற்ற வேண்டுமானால், பரிசோதனைகளை மேற்பார்க்கிற கமிட்டிக்கும் அதன் தலைவியான நீதிபதியம்மாவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஸ்கேனில் மூட்டு வழுவழு என்று இருந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். தனசீலன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

ஒரு மத்தியானம் கொட்டிலுக்கு வந்தார். அவர் வாய் அப்போது ஒன்றரை விரல். பேச்சு மூக்கால் வருவது போல இருந்தது.

"நல்லா சாப்பிடுதா, ஜெசிந்தா?"

"கூழுதானே சார். குடிக்குது."

"கொஞ்சம் சோளத்தட்டை மாதிரி ஏதாவது குடுத்துப் பார்க்கலாமே."

"ரூல்ல இல்லையே சார். நீங்க போட்ட ரூல்தான்."

"எல்லாத்துக்கும் வேண்டாம். இந்த ஒண்ணுக்கு மட்டும்."

"அதுக்கென்ன சார். கமிட்டில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எதுக்கு மாத்தணும்னு நீதிபதியம்மா கேப்பாங்க, காரணத்தைச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே தட்டை போட்டுடுறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, நான் யார் என்று யோசிக்கிறார்.

"நீங்க தூத்துக்குடிதானே?"

"ஆமா சார். எங்க அண்ணன் இன்னாசி. பழைய ஊசி போட்டுக்கிட்டவன். ஜன்னல் ஓரத்துக் கட்டில்ல இருந்தான். எங்கே, ஏலம் போட்டுக் காட்டுன்னு சொல்லி, கைதட்டிச் சிரிச்சீங்களே."

"ஞாபகம் இல்லை" என்றார்.

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

என்னை மாற்றவும் அவரால் முடியாது. பரிசோதனை நடுவில் ஆட்டு டாக்டரை மாற்றினால் கமிட்டி காரணம் கேட்கும். இன்னொரு ஆடு வளர்க்கவும் முடியாது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆடுதான் என்று விதி. செலவைக் குறைக்க அதையும் அவரேதான் போட்டிருந்தார். வாயோ நாளுக்கு நாள் மூடிக்கொண்டே வந்தது. நான் காத்திருந்தேன்.

மாட்டுப் பொங்கல் வந்தது.

எங்கள் மையத்தில் மாடு இல்லை, ஆட்டுக்குத்தான் மாட்டுப் பொங்கல். பேச்சித்தாய் விடமாட்டாள். முன்பக்கத்து முற்றத்தில் பானை வைத்து, நல்ல ஆடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குக் காவி பூசி, மாலை போட்டு அமர்க்களப்படுத்திவிடுவாள். அந்த வருஷம் நான் சிறப்பு விருந்தினராகக் கமிட்டித் தலைவி வசந்தகோகிலம் அம்மாளைக் கூப்பிட்டிருந்தேன். ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்துக்கொண்டே குறுக்கு விசாரணை செய்கிற ரகம். இன்னாசியையும் வரச் சொல்லியிருந்தேன். வரும்போது படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டில் ஒரு டப்பா கொண்டுவரச் சொன்னேன்.

அந்தப் பெயிண்ட் லேசில் காயாது. கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் மூன்று நாள் இருக்கும். துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியும், தனசீலனுக்குத் தெரியாது.

நோய் ஆடுகள் பின்கொட்டிலில் இருந்தன. நான் போய் தனசீலனின் ஆட்டுக்கு மட்டும் இரண்டு கொம்பிலும் நீலத்தைத் தடவினேன். பேச்சித்தாய் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"எல்லாத்துக்கும் காவி, இதுக்கு மட்டும் என்னத்துக்கு நீலம்?"

"டைரக்டர் ஆடுல்லா. தனி மரியாதை."

"நல்ல மரியாதை போங்க. பெயிண்டு நாத்தத்துல அது தும்முது."

வாசலில் ஒரு கட்டு கரும்பு சாத்தியிருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்று சொன்னேன். கதவையும் சும்மா சாத்திவிட்டு எல்லோரும் முன்பக்கம் வந்துவிட்டோம்.

பால் பொங்குகிற நேரம். "பொங்கலோ பொங்கல்!" என்று ஒரே கூச்சல், தட்டில் கரண்டியால் அடிக்கிற சத்தம். தனசீலன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மெல்ல நகர்வதை நானும் பார்த்தேன், இன்னாசியும் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது.

நீதிபதியம்மா தன் கையாலேயே சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். தனசீலன் முறை வந்தது. அவர் இடது கையை நீட்டினார்.

"என்ன சார் இது, நல்ல நாளும் அதுவுமா எடது கைய நீட்டுதீய?" என்று பேச்சித்தாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆளா அவள்?

நீட்டிய தொன்னையோடு நீதிபதியம்மா நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தனசீலன் வலது கையை வெளியே எடுத்தார். உள்ளங்கை, விரல் இடுக்கு, சட்டைக் கை விளிம்பு எல்லாம் நீலம்.

"ஹோலி கொண்டாடினீங்களா டாக்டர்?" என்று நீதிபதியம்மா சிரித்தார்.

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. "அது அந்த ஆட்டுக் கொம்புப் பெயிண்டுல்லா?" என்றாள். மறுகணம் பின்கொட்டிலைப் பார்த்து ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் அலறல் கேட்டது.

ஆடு மூலையில் நின்றது. தாடை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. கடைவாயில் கரும்பு நார் சிக்கியிருந்தது. அது கத்தவில்லை, என்னைத்தான் பார்த்தது. தினமும் கஞ்சி ஊற்றியவள் நான்தானே. அந்த ஒரு பார்வைக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

"கரும்பு குடுத்தீங்களா டாக்டர்?" நீதிபதியம்மாவின் சிரிப்பு போயிருந்தது.

"பண்டிகையாச்சே... ஆசையா ஒரு துண்டு..." என்று தனசீலன் இழுத்தார்.

"ஏதோ ஆசையில குடுத்துட்டாரு அம்மா" என்று நான் குறுக்கே புகுந்தேன். "ஆடு போனா என்ன? நேத்து வரைக்கும் ஸ்கேன் எல்லாம் அருமையா இருக்கு. மருந்து நல்ல மருந்துன்னு முடிவாயிடுச்சு. சார் வாய் வேற மூடிக்கிட்டே வருது. நல்ல நாள். புது ஊசி அந்த ஃபிரிட்ஜுலதான் இருக்கு, நர்ஸும் வெளியே பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இப்பவே போட்டுடலாமே?"

ஃபிரிட்ஜைத் திறந்து, ஊசிப் பெட்டியை எடுத்து, ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

தனசீலன் இரண்டடி பின்னால் போனார்.

"வேண்டாம்" என்றார்.

"ஏன் டாக்டர்?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

அவர் நீலக் கையைப் பேன்ட்டில் தேய்த்தார். கொட்டிலில் ஆடுகள் கூழ் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது. பூட்டிய பல்லுக்கு இடையிலிருந்து, உடைந்து, ஆனால் பழைய தாளம் மாறாமல்.

"ஒரு தரம்."

இன்னாசி முன்னால் வந்து நின்றான். தனசீலன் அவனைப் பார்த்தார். இந்தத் தடவை ஞாபகம் வந்துவிட்டது.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் நீதிபதியம்மா. "ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் வேண்டாம்?"

"கூழ் குடிக்கிற ஆட்டுல..." அவர் மூலையில் நின்ற ஆட்டைப் பார்த்தார். "கூழ் குடிக்கிற ஆட்டுல எதுவும் தெரியாது. மூட்டுக்கு வேலை குடுத்தாத்தான் தெரியும். இப்போ பார்த்துட்டேன். இந்த ஊசியும் எலும்பை அரிக்குது."

"இந்த ஊசி*யும்*னா?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு தரம்" என்றான் இன்னாசி.

"கூழ் விஷயம் உங்களுக்கு எப்போலேருந்து தெரியும் டாக்டர்?"

பெட்டியில் ஊசி, கையில் நீலம், மூலையில் ஆடு. அவருக்கு ஒளிய இடமே இல்லை. ஒரு விரல் திறக்கிற வாயால், கிட்டத்தட்ட என் அண்ணனின் குரலிலேயே, அவர் சொன்னார்.

"பழைய ஊசியிலேருந்தே தெரியும்."

"மூணு தரம்" என்று முடித்துவிட்டு இன்னாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

பிற்பாடு நீதிபதியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "அவர் வாயைத் திறக்காம இருந்திருந்தா நிஜமாவே ஊசியைப் போட விட்டிருப்பியாம்மா?" விட்டிருப்பேன் என்று சொன்னேன். அவர் அதை எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பழைய ஊசியைத் தடை செய்தார்கள். வழக்கு நடக்கிறது. மையம் வேறு கைக்குப் போனது. பழைய ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நிழல் ஆடு வளர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூழ் விதியை எடுத்துவிட்டார்கள். அரிக்கிற பகுதியை நீக்கிவிட்டு மூன்றாவதாக ஓர் ஊசி வந்திருக்கிறது. அண்ணனின் நிழல் ஆட்டுக்கு அதைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. கரும்பு, சோளத்தட்டை, புளியங்கொட்டை, எதைப் போட்டாலும் நொறுக்குகிறது.

நீலக் கொம்பு ஆட்டை விதிப்படி ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும். பேச்சித்தாய் குறுக்கே படுத்துவிட்டாள். "ஒங்க சண்டைக்கு அதோட வாயி போச்சு. உசுரையும் எடுக்கணுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். இப்போது தினமும் இன்னாசி வந்து அதற்குக் கஞ்சி ஊற்றுகிறான். தனக்கும் அதே பானையில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்கிறான்.

போன வாரம் தனசீலன் வந்தார், ஜாமீனில். வாய் அரை விரல்கூட இல்லை. என் முன்னால் கைகட்டி நின்றார்.

"எனக்கு இன்னொரு ஆடு..." என்றார், பல்லுக்கு இடையில்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஆடுதான் சார். நீங்க போட்ட ரூல். மத்த ரூலெல்லாம் மாத்திட்டாங்க, அதை மட்டும் இன்னும் மாத்தலை."

"மூணாவது ஊசியை அப்படியே போட்டுக்கலாமா? எனக்கு ஒத்துக்குமா?"

"ஆடு இல்லாம எப்படி சார் தெரியும்? போட்டுத்தான் பாக்கணும். எங்க அண்ணனும் அப்படித்தானே போட்டுக்கிட்டான்."

அவர் போகவில்லை. கொட்டில் திண்டில் உட்கார்ந்துவிட்டார். இன்னாசி ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டு அவரிடம் நீட்டினான். "சூடா இருக்கு, மெல்லக் குடிங்க" என்றான். அவனுக்கு அந்த மனசு இருக்கிறது. எனக்கு இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

தனசீலன் குடிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அங்கேதான் அண்ணனின் ஆடு இருக்கிறது. என்னைக் கண்டதும் காலைத் தூக்கித் தடுப்பில் வைத்தது. மெல்லும் சத்தம் அவர் காதில் நன்றாக விழட்டும் என்று, கரும்பில் கணு உள்ள துண்டாகப் பார்த்து நறுக்கினேன்.